நான்கு வழிச்சாலை வேண்டாம், பிள்ளைகளே!

சோழவந்தானுக்கு சைக்கிளில் போகலாமா சார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போகலாம், ஆனால் நான்கு வழிச்சாலை வேண்டாம் என்பதே என் கட்சி. போன பங்குனியில் அப்படிப்பட்ட சாலையில் போய், 11 மணி வெயிலில், ஒதுங்க ஒரு மரமில்லாமல் கண் இருட்டி உட்கார்ந்தவன் நான்.

திருப்பரங்குன்றத்தில் காலை 5.30க்குக் கிளம்புங்கள். கீழக்குயில்குடியில் தாமரைக் குளத்தருகே ஆலமரத்தடியில் கட்டுச்சோறு. சமணர் மலையில் ஆயிரம் ஆண்டு கடந்த தீர்த்தங்கரர் சிற்பங்களையும் பாருங்கள். பிறகு நாகமலைப் புதுக்கோட்டை, துவரிமான், மேலக்கால், திருவேடகம். வைகைக் கரையோரம் தென்னையும் நெல்லும் கூடவே வரும். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால்.

மதியம் நிழலில் படுத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்புங்கள். எத்தனை கிலோமீட்டர் என்று போனில் பார்க்கிறீர்கள். எங்கே நிழல், எங்கே தண்ணீர் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மெதுவாகத்தான் வருவேன்.