ருத்ரா யாருடைய குழு?

சிங்கப்பூர்த் தமிழரின் இசை என்றதும் உங்கள் நினைவுக்கு முதலில் வருவது எது? ஒலி 96.8-இல் காலையில் கேட்கும் திரைப்பாடல், வசந்தம் ஒளிவழியின் பாட்டுப் போட்டி, சிராங்கூன் சாலைக் கோயிலின் நாதஸ்வரம், கல்லூரி விழாவில் கரோக்கி... பட்டியல் இப்படித்தான் போகும். 1992-இல் இதே தீவில் இந்திய இளைஞர்கள் சிலர் தொடங்கி, முப்பது ஆண்டுகள் கடந்தும் ஆல்பம் வெளியிட்ட ‘ருத்ரா’ என்ற மெட்டல் இசைக்குழு அந்தப் பட்டியலில் வருமா? நண்பர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். "பாக்யராஜ் படம்தானே?" என்றார் ஒருவர். அவருக்குப் பழைய படங்கள் பார்க்கும் பழக்கமாவது இருக்கிறதே என்று மகிழ்ந்துகொண்டேன்!

நான் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜொகூரில் பிறந்தவன். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. சிங்கப்பூருக்குப் படிக்க வந்த பிறகுதான் ருத்ராவைக் கேட்கத் தொடங்கினேன். கேட்கக் கேட்க, இதை ஏன் நம்மவர்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்ற வியப்பு கூடிக்கொண்டே போனது. அந்த வியப்பில் எழுதுவதே இக்கட்டுரை.

மெட்டல் இசை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த பிளாக் சபாத் குழு 1970-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்திலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவார்கள். கனத்த கிட்டார், இடி போன்ற டிரம்ஸ். 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ‘டெத் மெட்டல்’ என்ற கிளை செழித்தது. அதில் பாடகர் பாடுவதில்லை, உறுமுகிறார். ருத்ரா கிளம்பியது அந்தக் கிளையிலிருந்துதான். கதிர் பேஸ் கிட்டாரை வாசித்துக்கொண்டே உறுமுவார். சிவா டிரம்ஸ். கிட்டார்க்காரர்கள் மாறி மாறி வந்தாலும் இவ்விருவரும் தூண்களாக நின்றிருக்கிறார்கள். 1996-இல் குழு கலைந்து மீண்டும் கூடியபோது, ஆங்கிலப் பெயரில் இருந்த ‘எச்’ என்ற எழுத்தை நீக்கிவிட்டார்கள். தமிழில் எழுதும் நமக்கு அந்த மாற்றம் தெரியவே தெரியாது!

ராக் ரசிகர்களிடம் ஒரு பொதுவான புலம்பல் உண்டு. "முதல் ஆல்பம்தான் உண்மையானது, பிறகு குழு கெட்டுப்போய்விட்டது" என்பார்கள். மெட்டாலிக்கா 1991-இல் வேகத்தைக் குறைத்தபோது பழைய ரசிகர்கள் அழுத அழுகை இன்னும் ஓயவில்லை. ருத்ராவைப் பொறுத்தவரை என் கருத்து நேர் எதிரானது. முதல் ஆல்பத்தோடு நின்றிருந்தால் இவர்கள் இந்த வட்டாரத்தின் எத்தனையோ குழுக்களில் ஒன்றாக மறைந்திருப்பார்கள். ஆல்பத்துக்கு ஆல்பம் மாறியதால்தான் இவர்கள் ருத்ரா ஆனார்கள்.

1998-இல் வந்த முதல் ஆல்பத்துக்குக் குழுவின் பெயரே தலைப்பு. வேகம் இருக்கிறது, கோபம் இருக்கிறது. ஆனால் இந்தியத் தன்மை பெரும்பாலும் பொருளில்தான் இருக்கிறது, ஓசையில் குறைவு. 2001-இல் ‘தி ஆர்யன் குருசேட்’. அந்தத் தலைப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இதில் இசை இறுகி, மந்திர ஓசைகள் பாட்டுக்குள் நுழைகின்றன. இன்னும் விருந்தாளிகளாகத்தான். கிட்டார் ஒரு பக்கம், மந்திரம் ஒரு பக்கம்.

இங்கே நம்மில் கர்நாடக இசை கற்றவர்களுக்குச் சுவையான ஒரு செய்தி. மேற்கத்திய மெட்டல் கிட்டார்க்காரர்கள் பெரிதும் விரும்பும் ‘ஃபிரிஜியன்’ என்ற சுரவரிசை, நம் ஹனுமத்தோடி மேளத்தின் அதே ஏழு சுரங்கள்தான். அதில் காந்தாரத்தை மட்டும் உயர்த்தினால் வகுளாபரணம் கிடைக்கும். அதையும் மெட்டல் உலகம் வேறொரு பெயரில் வாரி வாரிப் பயன்படுத்துகிறது. இந்தியச் சாயலை இந்த இசைக்குள் வெளியிலிருந்து ஒட்ட வேண்டிய தேவையே இல்லை, கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. தோடியின் உயிர் கமகத்தில் இருக்கிறது, வெறும் சுரத்தில் இல்லை என்று பாட்டு வாத்தியார்கள் கோபித்துக்கொள்வார்கள். நியாயம்தான். ஆனாலும் சுரம் வீட்டில் இருந்தால் உறவு கொண்டாடுவது எளிது அல்லவா?

அந்த உறவு 2003-இன் ‘குருக்ஷேத்ரா’வில் முழுமை பெறத் தொடங்குகிறது. போர்க்களம் என்ற பொருளுக்கு டிரம்ஸ் இசை பொருந்தியதில் வியப்பில்லை. ஆனால் இன்னொரு நுட்பமான காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். கீதையின் பெரும்பாலான சுலோகங்கள் அனுஷ்டுப் சந்தத்தில் அமைந்தவை. ஓர் அடிக்கு எட்டு எழுத்து, நான்கு அடிக்கு முப்பத்திரண்டு. நான்கு நான்காக எண்ணும் ராக் தாளத்தில் அந்தச் சந்தம் கால் நீட்டி உட்காரும். அதன்பின் மந்திரம் விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர்.

2005-இல் வந்த ‘பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ’ உபநிடதங்களை எடுத்துக்கொண்டது. என்னைக் கேட்டால் இதுதான் உச்சம். ஓதும் குரல் முடியும் இடத்தில் கிட்டார் அதே அசைவைத் தொடர்கிறது. எது எங்கே முடிந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்று பாகமாக விரிந்த இத்தொடரில் 2009-இல் ‘டிரான்சென்டென்டல் ஐ’, 2011-இல் ‘இம்மார்ட்டல் ஐ’ என அடுத்த இரண்டும் வந்தன. ஒரே பொருளை மூன்று ஆல்பங்களில் தொடர்வதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! 2009 ஆல்பத்தில் அஷ்டாவக்கிரருக்கு ஒரு பாட்டே உண்டு. உடல் எட்டுக் கோணலான முனிவரை உலகில் வேறெந்த மெட்டல் குழு தேடிப் போயிருக்கும்? ‘இம்மார்ட்டல் ஐ’ எனக்குச் சற்றுக் கனம். ஓசைகள் அடுக்கி அடுக்கி மூச்சுவிட இடம் இல்லை. 2013-இன் ‘ருதா’, 2016-இன் ‘எனிமி ஆஃப் டுவாலிட்டி’ இரண்டிலும் அந்த நெரிசல் தளர்ந்தது போல் என் காதுக்குப் படுகிறது. 2022-இல் ‘எயிட் மஹாவித்யாஸ்’ வந்தது.

இந்த வளர்ச்சிக்குக் காரணம் என்ன? புதிய கருவி, பெரிய ஸ்டூடியோ என்றெல்லாம் சொல்லலாம். நான் நம்புவது வேறு. கதிர் வேதாந்தத்தை முறையாகக் கற்று, பிறருக்கும் கற்பிப்பவர். முதலில் பெயர்களாகவும் படிமங்களாகவும் இருந்தவை, படிக்கப் படிக்கக் கேள்விகளாக மாறின. கேள்வி மாறியபோது இசையும் மாற வேண்டியிருந்தது. வெளியிலும் இப்படி நடந்திருக்கிறது. பிரேசிலின் செபுல்துரா 1996-இல் ‘ரூட்ஸ்’ ஆல்பத்துக்காகச் சவாந்தே பழங்குடியினரோடு அமர்ந்து ஒலிப்பதிவு செய்தது. தைவானின் சத்தோனிக் குழு எர்ஹு என்னும் இரு தந்தி வாத்தியத்தை மெட்டலோடு சேர்த்தது. அவர்களை அந்தந்த நாட்டார் தம்மவர் என்று பெருமையோடு சொல்கிறார்கள். நாம்?

நம் தயக்கங்களை நான் அறிவேன். "இது சத்தம், இசையா?" என்பது முதல் கேள்வி. இந்நாட்டில் தமிழரின் சத்தத்துக்கு ஒரு வரலாறு உண்டு, நண்பர்களே. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் 1973 முதல் தடைசெய்யப்பட்டிருந்தன. வழியில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு 2016-இல்தான் அனுமதி கிடைத்தது. உருமி மேளம் அடிக்கும் இளைஞர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் நம்மவர்களையும் பார்த்திருக்கிறேன். சிவாவின் இரட்டைக் கால் டிரம்ஸைக் கேட்கும்போது எனக்கு உருமிதான் நினைவுக்கு வருகிறது. அவர் அதை நினைத்து வாசித்தாரா என்பது வேறு விஷயம்.

அடுத்தது மொழி. பாடல்கள் ஆங்கிலம், நடுவில் சமஸ்கிருதம். இதில் தமிழ் எங்கே? இந்தக் கேள்வியை நானும் கேட்கிறேன், தமிழ்ப்பள்ளியில் படித்தவன் கேட்காமல் இருப்பானா? போதாக்குறைக்கு ‘ஆர்யன்’ என்று ஒரு தலைப்பு! சமஸ்கிருதத்தில் அச்சொல்லுக்கு மேன்மையானவர் என்று பொருள். ஆனால் தமிழ்க் காதில் அது நூறாண்டு அரசியலோடு விழும், ஐரோப்பியக் காதில் ஹிட்லரின் நிழலோடு விழும். அகராதிப் பொருள் ஒரு சொல்லைக் கழுவிவிடாது. அந்தத் தலைப்பு எனக்கு உவப்பில்லை, இசை பிடித்திருக்கிறது என்பதற்காகத் தலைப்புக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. அதே வேளையில், கறுத்த தோலுடைய சிங்கப்பூர் இளைஞர்கள் அந்தச் சொல்லைத் தம் ஆல்பத்தின் அட்டையில் போட்டபோது, அதை வெள்ளை இனவெறிக்குப் பயன்படுத்தும் ஐரோப்பிய மெட்டல் குழுக்கள் சிலவற்றின் கையிலிருந்து பிடுங்கியதாகவும் அது ஆகிறது. இரண்டும் உண்மை.

மொழியை மட்டும் வைத்து இவர்களைத் தள்ளிவைப்பது சரியா? என் ஊர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று. பினாங்கின் அலிகேட்ஸ் குழுவைப் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் மலாய்ப் பாடல்கள் பாடி நாடு முழுவதும் புகழ்பெற்றார்கள். 2007-இல் லோகநாதன் மறைந்தபோது இனம் பாராமல் வருந்தினார்கள். இடைநிலைப்பள்ளியில் என் மலாய் நண்பர்கள் அவர் பாடல்களை மனப்பாடமாகப் பாடுவார்கள். வீட்டில் நாங்களும் "நம்ம லோகா" என்போம். மலாயில் பாடியதால் அவர் நம்மவர் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருந்தன்மை ருத்ராவுக்கு மட்டும் ஏன் கிட்டவில்லை? அவர்கள் உறுமியதாலா?

சமயம் பற்றிய தயக்கமும் நியாயமானதே. தமிழ் மாணவர்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கடவுள் மறுப்பாளர்களும் உண்டு. வேதாந்தத்தை எல்லாரும் ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, நானே அந்தப் பக்கம் முழுதாகப் போனவன் இல்லை. இங்கே பிறந்து, இங்குள்ள பள்ளிகளில் ஆங்கிலத்தில் படித்து, தேக்காவில் அம்மாவோடு காய்கறிப் பை தூக்கி, பெனின்சுலா கடைத்தொகுதியில் கிட்டார் தந்தி வாங்கும் ஒரு வாழ்க்கை உண்டு அல்லவா? லிட்டில் இந்தியாவில் ஏறி, தோபி காட்டில் ரயில் மாறினால், சிட்டி ஹால் இரண்டாவது நிலையம். அந்த இரண்டு நிலையத் தூரத்தை நம் எழுத்தாளர்கள் எத்தனையோ கதைகளில் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். ருத்ரா அதை ஓசையில் எழுதியது. தேசியக் கல்விக் கழகத்தின் யூஜின் டெய்ரியநாதன் 2009-இல் இவர்களின் ‘வேத மெட்டல்’ இசையையும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளத்தையும் இணைத்து ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார். ஆய்விதழில் இடம் பிடித்தவர்களுக்கு நம் கலைநிகழ்ச்சிகளில் இடம் இல்லை!

எனக்கு ஓர் ஆசை உண்டு. சிவவாக்கியரை யாராவது மெட்டலில் பாட வேண்டும். கல்லையும் சாதியையும் நேருக்கு நேர் நின்று கேட்ட அந்தச் சித்தரின் அடிகள் தாமே முரசு கொட்டுகின்றன. அவற்றை மென்மையாகப் பாடினால்தான் ஒட்டாது. உறுமலுக்கென்றே பிறந்த பாட்டு. ருத்ராதான் அதைச் செய்ய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவர்கள் தமக்குப் பிடித்த நூலைப் படித்துத் தம் இசையைக் கண்டுகொண்டார்கள். தமிழ் நூலைப் படித்த நம்மில் யாரேனும் கிட்டாரைத் தூக்க வேண்டும். ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ளூர்க் குழுக்கள் எத்தனையோ மேடையேறிய சப்ஸ்டேஷன் 2021-இல் அந்தக் கட்டடத்தைவிட்டு வெளியேறிவிட்டது. ஆனால் நம் பல்கலைக்கழக விடுதிகளில் ஒத்திகை அறைகள் இருக்கின்றன.

கேட்க விரும்புவோர் 1998-இலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டாம், பாதியில் ஓடிவிடுவீர்கள். முதலில் 2005. பிறகு 2003. பிடித்திருந்தால் 2009. அதன்பிறகு முதல் ஆல்பத்துக்குத் திரும்பிப் போங்கள், அந்தக் கரடுமுரடு அப்போது இனிக்கும். தேர்வு வாரத்தில் நூலகத்தில் கேட்பதானால் ஒலியளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து மேசைக்காரர் நிச்சயம் திரும்பிப் பார்ப்பார்.