பரீட்சை எழுதாத பெரியவருக்குப் பட்டம் உண்டா?

ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் பதினைந்தே நாட்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் டி.வி.யை அணைத்துவிடுவார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கே உங்களை எழுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் போலீஸ் வந்து, படித்துக்கொண்டிருக்கும் உங்கள் அண்ணனைக் கைது செய்துகொண்டு போனால் எப்படி இருக்கும்?

1941 பிப்ரவரியில் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் அப்படித்தான் நடந்தது. கைதானவர் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்த என்.சங்கரய்யா. வயது பதினெட்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக மாணவர்களைத் திரட்டியதுதான் அவர் செய்த குற்றம். சுமார் ஒன்றரை ஆண்டு சிறையில் இருந்தார். அந்தத் தேர்வை அவர் எழுதவே இல்லை. பட்டமும் கிடைக்கவில்லை.

அவருக்குப் பெற்றோர் முதலில் வைத்த பெயர் பிரதாபச்சந்திரன். தாத்தாவின் பெயர் சங்கரய்யா. "என் பெயரைத்தான் பேரனுக்கு வைக்க வேண்டும்" என்று தாத்தா உண்ணாவிரதமே இருந்துவிட்டாராம்! இப்படிப் போராட்டத்தோடு பெயர் பெற்றவர், வாழ்நாள் முழுவதும் போராடியதில் என்ன ஆச்சரியம்?

சிறை அவரை விடவில்லை. மதுரை சதி வழக்கு என்ற வழக்கில் மீண்டும் உள்ளே போனார். 1947 ஆகஸ்ட் 14 அன்று, அதாவது நாடு விடுதலை பெறுவதற்கு முதல் நாள்தான் வெளியே வந்தார். சுதந்திரம் வந்த பிறகாவது நிம்மதியாக இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. அவர் சார்ந்த கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டபோது மறைந்து வாழ்ந்தார். பிறகும் சிறைக்குப் போனார். மொத்தத்தில் சுமார் எட்டு ஆண்டுகள் சிறையில் கழிந்தன. நீங்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து எட்டாம் வகுப்பு முடிக்கிற காலம் அது!

1964-ல் மார்க்சிஸ்ட் கட்சியைத் தொடங்கிய தலைவர்களில் இவரும் ஒருவர். 1967-ல் மதுரை மேற்குத் தொகுதியிலும், 1977, 1980 தேர்தல்களில் மதுரை கிழக்குத் தொகுதியிலும் வென்று சட்டமன்றத்துக்குப் போனார். 1995 முதல் 2002 வரை கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்தார். அமைச்சராக ஒரு நாளும் இருந்ததில்லை.

இப்படிப்பட்ட ஒருவரை நாடு எப்படிக் கௌரவிப்பது? இதற்கு மூன்று விதமான விடைகள் கிடைத்தன.

முதலாவது, விருது. 2021-ல் தமிழக அரசு 'தகைசால் தமிழர்' என்று ஒரு புதிய விருதை அறிவித்தது. 'தகை' என்றால் பெருமை. 'சால்' என்றால் நிறைந்த. சால்பு, சான்றோர் எல்லாம் இதே குடும்பத்துச் சொற்கள்தான். (தமிழ் ஐயா கேட்டால் டக்கென்று சொல்லிவிடுங்கள்!) ஆண்டுதோறும் சுதந்திர தினத்தை ஒட்டித் தரப்படும் இந்த விருதின் பரிசுத்தொகை 10 லட்சம் ரூபாய். முதல் விருது சங்கரய்யாவுக்கு. அப்போதுதான் அவர் நூறாவது வயதில் அடியெடுத்து வைத்திருந்தார். முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் குரோம்பேட்டையில் உள்ள அவரது வீட்டுக்கே போய் விருதைக் கொடுத்தார். அந்த 10 லட்சத்தையும் அவர் கொரோனா நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார்.

அடுத்த ஆண்டு, 2022-ல், இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் இரா.நல்லகண்ணுவுக்கு இதே விருது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பரிசுத்தொகை 10 லட்சத்தோடு தம் பணம் 5,000 ரூபாயையும் சேர்த்து முதலமைச்சரின் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். பரிசு வாங்கப் போனவர் கையிலிருந்து 5,000 ரூபாய் கூடுதலாகப் போயிற்று!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 2023-ல் கி.வீரமணி, 2024-ல் குமரி அனந்தன், 2025-ல் காதர் மொகிதீன் ஆகியோர் இந்த விருதைப் பெற்றார்கள். ஐந்து பேருமே மூத்தவர்கள், பொதுவாழ்வில் நீண்ட காலம் உழைத்தவர்கள். அதே சமயம், ஐந்து பேருமே அன்றைய ஆளுங்கட்சிக்குத் தோழமையான கட்சிகளையோ இயக்கங்களையோ சேர்ந்தவர்கள். எதிர் வரிசையில் இருக்கும் ஒரு மூத்தவருக்கும் இந்த விருதைக் கொடுத்திருந்தால் அதன் மதிப்பு இன்னும் கூடியிருக்கும் என்பது என் கருத்து. வகுப்பில் நம் பெஞ்சில் உட்காருகிறவனுக்கு மட்டும் கை தட்டினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் சங்கரய்யாவின் தகுதி குறைந்துவிடாது. எந்த அரசு தந்திருந்தாலும் அவர் அதற்கு உரியவர்தான்.

இரண்டாவது, பட்டம். இதுதான் பெரிய செய்தியானது. தேர்வு எழுதாமலே, ஒருவர் செய்த பணிக்காகப் பல்கலைக்கழகம் தரும் பட்டத்துக்குக் கௌரவ டாக்டர் பட்டம் என்று பெயர். 2023-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவும் பேரவையும் சங்கரய்யாவுக்கு அந்தப் பட்டத்தைத் தரலாம் என்று முடிவு செய்தன. ஆனால் வேந்தரின் ஒப்புதல் வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுநர்தான் வேந்தர். ஆளுநர் ஆர்.என்.ரவி ஒப்புதல் தரவில்லை. 2023 நவம்பர் 2 அன்று பட்டமளிப்பு விழா அந்தப் பட்டம் இல்லாமலே நடந்தது. உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி விழாவைப் புறக்கணித்தார்.

அந்த நாட்களில் மாநில அரசுக்கும் ஆளுநருக்கும் இடையே பல விஷயங்களில் இழுபறி இருந்தது. சட்ட மசோதாக்கள் கிடப்பில் கிடக்கின்றன என்று அரசு உச்ச நீதிமன்றத்துக்கே போயிருந்தது. அந்த இழுபறிக்குள் இந்தப் பட்டமும் சிக்கிக்கொண்டது. வேந்தருக்கு மறுக்கும் அதிகாரம் உண்டா என்று பெரியவர்கள் வாதிடட்டும். எனக்குப் படுவது வேறு. கல்லூரியில் தேர்வு எழுத முடியாமல் போனதே இந்த நாட்டுக்காகத்தான். அதே மதுரையில் உள்ள பல்கலைக்கழகம் எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கடனை அடைக்க நினைத்தது. அதைத் தடுத்திருக்க வேண்டாம்.

அந்தப் பல்கலைக்கழகம் யார் பெயரைத் தாங்கியிருக்கிறது, பாருங்கள். காமராசர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவரும் சுதந்திரத்துக்காகப் பல ஆண்டுகள் சிறையில் இருந்தவர். 1975-ல் அவர் காலமானார். பாரத ரத்னா விருது 1976-ல்தான் வந்தது. 1966-ல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டதும் அதற்குப் பிறகுதான். இரண்டையும் அவர் பார்க்கவில்லை. உயிரோடு இருக்கும்போதே ஒருவரைக் கௌரவிப்பதில் நாம் கொஞ்சம் சோம்பேறிகள்தான்.

மூன்றாவது, அரசு மரியாதை. பட்டமளிப்பு விழா முடிந்து சரியாகப் பதின்மூன்று நாட்கள். நவம்பர் 15 அன்று சங்கரய்யா சென்னையில் காலமானார். அவருக்கு வயது 101. மறுநாள் பெசன்ட் நகர் மின் மயானத்தில் முழு அரசு மரியாதையுடன் அவரது இறுதிச் சடங்கு நடந்தது. வேறு வேறு கட்சிகளின் தலைவர்கள் வந்து அஞ்சலி செலுத்தினார்கள். காவல்துறையினர் துப்பாக்கி ஏந்தி மரியாதை செய்தார்கள்.

1941-ல் கல்லூரிக்கு வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனதும் காவல்துறைதான்.