முத்திரையைத் தின்ன முடியுமா?

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி வந்து இறங்குகிறது. கீழவாஞ்சூர்ப் பிள்ளைகள் திருச்சிக்குப் போய் விமானம் ஏறுகிறார்கள். சிலர் சிங்கப்பூருக்கு, சிலர் மலேசியாவுக்கு, சிலர் துபாய்க்கு. காரைக்கால் பிரஞ்சுக்காரன் பிடியில் இருந்த பூமியல்லவா? 1962-க்குப் பின் பிரஞ்சுக் குடியுரிமை பெற்றவர்களின் வாரிசுகள் பாரிசுக்கும் போகிறார்கள். அப்படிப் பாரிஸ் புறநகரில் குடியிருக்கும் நம் பகுதி இளைஞர் ஒருவர் போன மாதம் தொலைபேசியில் கேட்டார்: “அண்ணே, பிள்ளைக்குக் கொடுக்க நம்பிக்கையான கறி எங்கே வாங்குவது? மருந்து ஊட்டாத ஆடாக இருக்கணும், ஹலாலாகவும் இருக்கணும். இங்கே எல்லாப் பொட்டலத்திலும் முத்திரை குத்தியிருக்கிறான். எதை நம்புவதென்றுதான் தெரியவில்லை.”

ஆலையிலும் வயலிலும் பாடுபடும் தோழர்கள் சிலர் சிரிக்கலாம். “நமக்கு ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ வாங்குவதே பெரும்பாடு. இவருக்கு ஆர்கானிக் கறி கேட்கிறதோ?” என்று கேட்கலாம். சிரிக்க வேண்டாம். அவரும் கூலிக்கு உழைப்பவர்தான். அவர் கேட்பது சீமான் வீட்டு விருந்தல்ல. தன் தாய் வளர்த்த ஆட்டைத்தான் கேட்கிறார். அந்தத் தாய் வாரத்துக்கு ஆடு பிடித்து, அறுப்பு முடிந்த வயலிலும் வாய்க்கால் கரையிலும் மேய்த்தவர். கசாப்புக்காரர் கண்ணெதிரே அறுத்து, வெள்ளாடு என்பதற்குச் சாட்சியாக வாலை விட்டுவைத்துத் தொங்கவிடுவார். தப்புக் கறி விற்றால் மறுநாள் அவர் தெருவில் தலைகாட்ட முடியாது. அதற்காக அந்தக் காலத்தைப் பொன்னுலகம் என்று நான் சொல்ல வரவில்லை. வளர்த்த தாய்க்கு அந்தக் கறியில் ஒரு துண்டு எட்டுவதே தீபாவளிக்கோ பெருநாளைக்கோதான். ஆனால் யாரை நம்புவது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

இன்று பெரிய கம்பெனிகள் என்ன உபதேசம் செய்கின்றன? “கூடக் காசு கொடு, சுத்தமான கறி தருகிறோம். பச்சை இலை முத்திரையைப் பார், நிம்மதியாகத் தின்!” ஆஹா, என்ன கருணை! விஷமில்லாத உணவு மனிதனுக்குப் பொது உரிமை என்ற பேச்சே போய்விட்டது. காசுள்ளவனுக்கு ஒரு கறி, இல்லாதவனுக்கு ஒரு கறி என்றாகிவிட்டது. சரி, அந்தக் கூடுதல் காசுக்காவது நியாயம் கிடைக்கிறதா?

2013-ல் ஐரோப்பாவில் நடந்த கூத்தைக் கேளுங்கள். ருமேனியாவில் குதிரைக் கறி குதிரைக் கறி என்றே விற்கப்பட்டது. ஹாலந்து வியாபாரி கை மாறி, தென் பிரான்சில் ஸ்பாங்கெரோ என்ற கம்பெனிக்கு வந்து, லக்சம்பர்க் தொழிற்சாலையில் வெந்து, பல நாட்டுக் கடைகளில் “மாட்டுக்கறி” என்ற பெயரில் உட்கார்ந்தது. குதிரை வழியிலேயே மாடாகிவிட்டது! விலை வித்தியாசம் செய்த மாயம் இது. புரட்டை முதலில் வெளியே கொண்டுவந்தது எது? எந்தக் கம்பெனியின் முத்திரையுமல்ல. அயர்லாந்து சர்க்காரின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு நடத்திய பரிசோதனை. 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் தண்டனை விதித்தது. அதற்குள் ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அது சாதாரணக் கறி, ஆர்கானிக்கில் அப்படி நடக்காது என்பார்கள். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துக்காரர் ஒருவர் சாதாரண மக்காச்சோளத்தையும் சோயாவையும் ஆர்கானிக் என்று 2010 முதல் 2017 வரை விற்றார். மொத்த விற்பனை 14 கோடி டாலருக்கு மேல். பெரும்பகுதி கோழிக்கும் மாட்டுக்கும் தீவனமாகப் போயிற்று. அந்தக் கோழிக்கும் மாட்டுக்கும் ஆர்கானிக் முத்திரை! வாங்கியவர்கள் கூடுதல் விலை கொடுத்துச் சாதாரணக் கறியைத் தின்றார்கள். 2019-ல் அவருக்குப் பத்தாண்டுக்கு மேல் சிறை விதிக்கப்பட்டது.

ஹலால் முத்திரை மட்டும் தப்பியதா? 2020 டிசம்பரில் மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துக் கிடங்கு ஒன்றில், வெளிநாட்டு உறைகறிக்குப் போலி ஹலால் முத்திரை குத்துவதை அதிகாரிகள் பிடித்தார்கள். லாப வேட்டைக்கு மதமும் கிடையாது, பயமும் கிடையாது.

இதில் சூட்சுமம் ஒன்று இருக்கிறது. இந்த ஆர்கானிக் முத்திரையைப் பல நாடுகளில் வழங்குபவை தனியார் நிறுவனங்கள். அவற்றுக்குக் கட்டணம் கட்டுவது யார்? சோதனைக்கு உள்ளாகும் பண்ணையும் கம்பெனியுமேதான்! சோதனையோ பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தடவை. ஆலையில் பாக்டரி இன்ஸ்பெக்டருக்கு முதலாளியே சம்பளம் கொடுத்தால் அவர் எந்த எந்திரத்தின் குறையை எழுதுவார்? நமக்குத் தெரியாததா இது!

நம் இளைஞருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மயக்கமடையச் செய்யாமல் மதமுறைப்படி அறுத்த மாட்டின் கறிக்கு ஐரோப்பிய ஆர்கானிக் முத்திரை கூடாது என்று 2019 பிப்ரவரி 26-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, அப்படி அறுத்ததைத்தான் ஹலால் என்று கொள்பவர் மருந்தில்லாத கறியும் வேண்டுமென்றால் அந்தப் பச்சை இலையின் துணையில்லாமல்தான் தேட வேண்டும்.

அறுப்புக்கூடத்தில் கத்தி பிடிப்பவர் யார் என்று எந்த முத்திரையாவது சொல்கிறதா? 2020 ஜூனில் ஜெர்மனியில் டோனியஸ் கம்பெனியின் ரேடா-வீடன்புருக் கூடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளருக்குக் கொரோனா தொற்றியது. பலர் ருமேனியா, பல்கேரியா, போலந்திலிருந்து துணைக் காண்டிராக்டர்கள் கொண்டுவந்து நெரிசலாகக் குடிவைத்தவர்கள். கங்காணி முறைதான், வேறென்ன? கெட்டுப்போன கறியைக் கண்டாலும் அவர்கள் வாய் திறப்பார்களா? திறந்தால் அடுத்த நாள் வேலையும் இல்லை, படுக்கையும் இல்லை. நாடே கொதித்தபின் 2021 ஜனவரி முதல் பெரிய இறைச்சிக்கூடங்களில் அந்தக் காண்டிராக்ட் முறையைச் சட்டம் தடைசெய்தது. சிகாகோ கசாப்புத் தொழிற்சாலைகளின் அழுகலை 1906-ல் உலகம் அறிந்ததும் அப்டன் சிங்க்ளேர் என்ற எழுத்தாளர் தொழிலாளர் நடுவே போய் அவர்கள் வாயால் கேட்டு எழுதியதால்தான். அந்த வருஷமே அமெரிக்கா கறிக்குச் சட்டம் போட்டது. கறியை வெட்டியவனுக்குப் போடவில்லை என்பது வேறு விஷயம்.

இளைஞருக்கு நான் சொன்னது இதுதான். பச்சை இலையை வீசி எறிய வேண்டாம். நோய் வராமலிருக்க என்று ஆண்டிபயாட்டிக் ஊட்டக் கூடாது, நோய்க்குக் கொடுத்தால் வழக்கத்தைவிட இரு மடங்கு நாள் காத்திருந்துதான் அறுக்க வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. போராடிப் பெற்ற விதி, அதை விடக் கூடாது. ஆனால் தனியாளாகக் கடை கடையாக அலைந்தால் ஏமாற்றுவான். பத்துக் குடும்பம் சேருங்கள். பண்ணைக்காரர் ஒருவரிடம் நேரில் பேசி, தீவனம் என்ன, மருந்து என்ன என்று கேட்டு முழு ஆடாக வாங்குங்கள். அங்கே அனுமதி பெற்ற கூடத்தில்தான் அறுக்கலாம். எந்தக் கூடம், ஹலாலுக்குப் பொறுப்பாளர் அறுக்கும்போது பக்கத்தில் நிற்கிறாரா என்று விசாரியுங்கள். அங்குள்ள சி.ஜி.டி. தொழிற்சங்கத்தில் உணவுத் தொழிலாளர் பிரிவு உண்டு. கூடத்தின் சங்கதி சங்கத்துக்காரருக்குத் தெரிந்த அளவு எந்த விளம்பரத்துக்கும் தெரியாது.

“கூடத்தில் முதலில் என்ன கேட்பது, அண்ணே?” என்றார்.

“சோதனை போடுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று கேளுங்கள்,” என்றேன்.