இலைதானே என்று சொல்லாதீர்கள்

வேம்பாரில் தொடங்கும் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை தெற்கே பெரியதாழையில் முடிகிறது. கரையில் கருவாடு காய்கிறது. கரையை விட்டு மேற்கே போனால், சாத்தான்குளம் பக்கம் அவுரி இலை காய்கிறது. நிழலில் ஒரு வாரம், பத்து நாள் உலர்த்தி, பச்சையில் மஞ்சள் ஏறியதும் மூட்டை கட்டுவார்கள். நிலாவாரை என்றும் சொல்லப்படும் இந்த இலைக்கு மேல்நாட்டு மருந்து நூல்களில் ‘திருநெல்வேலி சென்னா’ என்று நம் சீமையின் பெயரே நிலைத்துவிட்டது. கடல் கடந்து வாங்குகிறவர்கள் அதில் சென்னோசைடு எத்தனை சதவீதம் என்று சோதித்துத்தான் விலை வைக்கிறார்கள்.

அதே இலை நம் அடுப்படிக்கு வந்ததும் வீரியம் இல்லாததாகிவிடுகிறது. “இலைதான மைனி, என்ன செஞ்சிரப் போவுது?” என்றாள் பெரியதாழையில் என் உறவுக்காரப் பெண். வயிறு குறைய வேண்டும் என்று மூன்று மாதமாக இரவில் ஒரு தம்ளர் அவுரி டீ. காலையில் ரத்தக் கொதிப்புக்கு, சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரை. ஒருநாள் விடியக்காலையில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து எழுந்திருக்க முடியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தபோது பொட்டாசியம் மிகவும் இறங்கியிருந்தது. என்னென்ன சாப்பிடுகிறாய் என்று டாக்டர் கேட்டதற்கு மாத்திரையை மட்டும்தான் சொன்னாள். டீயைச் சொல்லவில்லை. அது மருந்து என்றே அவள் நினைக்கவில்லை.

இந்த நினைப்பைத்தான் நான் எதிர்க்கிறேன். இயற்கையானது, அடுப்படியில் இருப்பது, ஆகவே பக்கவிளைவு கிடையாது என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். இது பொய். அவுரியின் சென்னோசைடு பெருங்குடலைத் தூண்டி முடுக்குகிறது. நீரும் உப்புச்சத்தும் வெளியேறுகின்றன; கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. எடைமுள் இறங்குவது போன தண்ணீரால். அடுத்த செம்புத் தண்ணீரில் அது திரும்பிவிடும். ஓரிரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து எடுக்கக் கூடாத பேதி மருந்தைத்தான் மாதக்கணக்கில் டீ என்று குடிக்கிறோம்.

நித்தியகல்யாணியைப் பாருங்கள். மணலிலும் கல்லறைத் தோட்டத்திலும் தானாகப் பூத்து நிற்கும் செடி. ஆடு மாடு அதில் வாய் வைக்காது. அதன் பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று நம்மூரில் சொல்கிறார்கள். ஜமைக்காவிலும் இலையை அப்படித்தான் குடித்தார்கள். 1952இல் அங்கிருந்து ஒரு மருத்துவர் 25 இலைகளைக் கனடாவுக்கு அனுப்பினார். அங்கே ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை; வெள்ளை அணுக்கள் சரிந்தன, எலிகள் நோய்த்தொற்றில் மடிந்தன. அவரும் உடன் ஆராய்ந்த சார்லஸ் பீரும் 1958இல் அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். இன்று மருத்துவமனையில் ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து, அளந்து, நரம்பில் ஏற்றும் மருந்து அது. அந்தச் செடியைத்தான் ஒரு கைப்பிடி பறித்துக் கொதிக்கவிடச் சொல்கிறார்கள்.

முகத்துக்கும் இதே கதைதான். கருப்பு போகும் என்று எலுமிச்சையை நறுக்கி முகத்தில் தேய்க்கிறார்கள். அது நல்ல புளிப்பு அமிலம். தோலின் மேற்பரப்பு அதைத் தாங்கப் பிறந்ததல்ல. எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் இருக்கும் ஒருவகைப் பொருள் வெயில் பட்டதும் சருமத்தைப் பொசுக்கும். கொப்புளம் ஆறினாலும் தழும்பு மாதக்கணக்கில் கருத்துக் கிடக்கும். கடற்கரை வெயிலில் மீன் விற்கப் போகும் பெண்ணுக்கு இதை அழகுக் குறிப்பு என்று சொல்வது கொடுமை.

பாட்டி செய்யவில்லையா என்று கேட்பார்கள். செய்தாள். எப்படிச் செய்தாள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பேதிக்குக் கொடுக்க ஒரு நாள் குறிப்பாள். அன்று மோர்க்கஞ்சி, வேலை கிடையாது, வெயிலில் அலையக் கூடாது. மறுநாள் மருந்து இல்லை. அளவும் பத்தியமும் நாள் கணக்கும் சேர்ந்ததுதான் அவள் வைத்தியம். சித்த மருத்துவமும் சுத்தி செய்யாமல், அனுபானம் சொல்லாமல் சரக்கைக் கையில் கொடுப்பதில்லை. இலையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எல்லாம் விட்டுவிட்டு, பாரம்பரியம் என்று பேசுவது பாட்டிக்குச் செய்யும் அவமரியாதை.

அடுப்படியே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. உடன்குடிக் கருப்பட்டி தட்டிப்போட்ட சுக்குக் காப்பியை நானும் தினம் குடிக்கிறேன். பாசிப்பயறு மாவு தேய்த்துத்தான் குளிக்கிறேன். உணவாகப் பழகியது வேறு, மருந்தாக வேலை செய்வது வேறு. சர்க்கரையைக் குணமாக்கும், உடல் பருமனைக் கரைக்கும் என்று விளம்பரம் செய்வதை மருந்து விளம்பரங்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அந்த விளம்பரத்தைத்தான் ‘இயற்கை’ என்ற ஒரு சொல்லை ஒட்டி இன்று வீட்டுக்குள் விற்கிறார்கள்.

ஏற்றுமதிக்குப் போகும் அவுரியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எழுதித்தான் அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டு டப்பாவிலும் எழுதுங்கள்: என்ன செடி, எவ்வளவு, எத்தனை நாள். எழுதத் தெரியாத இலையைக் கொதிக்கவைக்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.