இருட்டடிக்கப்பட்ட இதழ்கள்

மணிக்கொடி 1933இல் தோன்றியது, ‘எழுத்து’ 1959இல் தோன்றியது என்பதைத் தமிழ் மாணவர் மனப்பாடமாகச் சொல்வர். பெரிய ஏடுகள் ஏற்க மறுத்தவற்றை ஏற்று வளர்த்தவை சிற்றிதழ்கள் என்று ஆசிரியரும் பெருமையுடன் விளக்குவர். மலேசியாவிலும் 1964இல் சி. கமலநாதன் தொடங்கிவைத்த புதுக்கவிதையை, அது கவிதையே அன்று என மறுத்தோர் இருந்தனர். இன்று அது இலக்கிய வரலாற்றில் ஓர் இயல். ஆனால் அதே அளவுகோலைத் தன்பாலீர்ப்பாளர் நடத்திய இதழ்களின்மேல் வைக்கச் சொன்னால் வகுப்பறை வாய்மூடிக் கொள்கிறது. அந்த மௌனத்திற்குப் பண்பாடு என்று பெயரும் சூட்டப்படுகிறது.

அவ்விதழ்கள் செய்த குற்றந்தான் யாது? லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1953இல் ‘ஒன்’ என்னும் இதழ் தொடங்கியது. அதன் 1954 அக்டோபர் இதழை அஞ்சல் அதிகாரி ஆபாசம் என்று மறித்தார். மறிக்கப்பட்டதற்குக் காட்டிய காரணங்களுள் ஒன்று, பெண்ணைப் பெண் காதலிக்கும் ஒரு சிறுகதை. மற்றொன்று ஒரு கவிதை. ஆணும் பெண்ணும் என்றிருந்தால் எந்த வார இதழும் தயங்காமல் வெளியிட்டிருக்கக்கூடிய கதை அது. கீழ்மன்றங்கள் அதிகாரியின் பக்கமே நின்றன. 1958 சனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. ஒரு சிற்றிதழ் தன் சிறுகதைக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்ற இவ்வரலாறு இலக்கிய மாணவருக்கு வேண்டாததா?

கோலாலம்பூருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர் ஜேம்ஸ் கர்க்கப். இலண்டனின் ‘கே நியூஸ்’ இதழ் 1976இல் வெளியிட்ட அவருடைய கவிதைக்காக, இதழாசிரியர் டெனிஸ் லெமன் தெய்வ நிந்தனைக் குற்றத்தின்கீழ் 1977இல் தண்டிக்கப்பட்டார். அக்கவிதை கிறித்தவர் பலரைப் புண்படுத்தியது மெய்; அதைப் போற்றியே ஆகவேண்டும் என்பதுமில்லை. இவ்விதழ்கள் யாவும் மாசற்றவை என்பதும் பொய். 1896இல் பெர்லினில் அடால்ஃப் பிராண்ட் தொடங்கிய ‘டெர் ஐகனெ’ ஆண்மையைப் போற்றும் வேகத்தில் பெண்ணை இழிவுபடுத்தியது. படித்தவர்தாம் அதைக் கண்டிக்கவும் இயலும்.

‘இது மேனாட்டுச் சரக்கு’ என்பது வழக்கமான வாதம். அண்டை நாட்டை நோக்கினால் அது நில்லாது. இந்தோனேசியாவில் 1982இல் லாம்டா இந்தோனேசியா அமைப்பு தன் இதழை வெளியிட்டது. 1987இல் சுரபாயாவில், மொழியியல் அறிஞர் டெடே ஊத்தோமோ முதலியோர் முயற்சியால் ‘காயா நுசந்தாரா’ பிறந்தது. இவை எழுதப்பட்ட மொழி ஆங்கிலம் அன்று. மலாய் கற்ற கிள்ளான் மாணவன் மொழிபெயர்ப்பின்றியே பெரும்பாலும் படித்துணரக்கூடிய மொழி! பம்பாயில் 1990இல் அசோக் ராவ் கவி ‘பாம்பே தோஸ்த்’ இதழைத் தொடங்கினார். மேனாட்டிலிருந்து வந்து இன்றும் இங்கு நிலைத்திருப்பது, ஆங்கிலேயர் 1860இல் இந்தியாவுக்கென இயற்றிய தண்டனைச் சட்டத்தின் வழிவந்த 377ஆம் பிரிவே.

மறுதரப்பில் சிலர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் சான்றுக்கு அழைக்கின்றனர். அதுவும் வேண்டா. அந்த நட்பைத் திரித்துப் பெறும் அனுமதி யாருக்குத் தேவை?

மலேசியாவில் இப்பொருள் பற்றிய ‘பாடி டு பாடி’ தொகுப்பு 2009இல் வெளிவந்தபோது அதன் மொழி ஆங்கிலம். தமிழகத்தில் ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ 2005இலும், கிரீஷின் ‘விடுபட்டவை’ 2018இலும் தமிழிலேயே வந்தன. பிரிக்பீல்ட்சில் தமிழ் நூல் வாங்கும் இளைஞன் ஒருவன், தன் மனத்தைச் சொல்ல ஆங்கிலத்திற்குப் போய்விட்டால், இழப்பு அவனுக்கன்று, தமிழுக்கு.

ஆசிரியர்க்கு அச்சம் உண்டு. 377ஏ பிரிவின் குற்றத்திற்கு இருபது ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் தண்டனை. 1984ஆம் ஆண்டின் அச்சு, வெளியீட்டுச் சட்டம் நூல்களைத் தடைசெய்ய வழிவகுக்கிறது. அவ்வச்சத்தைக் கோழைத்தனம் என இகழ்வது நேர்மையன்று. அச்சத்தை அச்சம் என்றே மாணவரிடம் சொல்லலாம். அதை அறம் என்று சொல்லிக் கொடுப்பதுதான் கண்டிக்கத்தக்கது. மணிக்கொடியைக் கற்பிக்கும் அதே பாடவேளையில், அஞ்சலகம் மறித்த ஒரு சிறுகதையின் வழக்கையும் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். அதற்குத் தடைசெய்யப்பட்ட நூல் எதுவும் தேவையில்லை.