ஓடும் வீட்டில் அடுப்பும் ஈரமும்

கேரவன் என்றாலே பலருக்கும் சினிமா நடிகர்களின் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். படுக்கை, ஏசி, கண்ணாடி, கழிப்பறை என்று ஒரு சின்ன வீடே அதற்குள் இருக்கும். ஆனால் ஐயப்ப சீசனில் கன்னியாகுமரிக்கு வந்து பாருங்கள். கேரவன் என்ற பெயரே இல்லாத கேரவன்கள் வரிசையாக நிற்கும்! சபரிமலை, சுசீந்திரம், குமரி என்று நாலைந்து நாள் சுற்றுகிறவர்களுக்கு வேன்தான் வீடு. தூக்கம், சாப்பாடு, துணி காயப்போடுவது எல்லாமே அதற்குள்தான். பக்கத்து மாநிலமான கேரளம் கேரவன் சுற்றுலாவுக்கென்று 2021-ல் தனிக் கொள்கையே அறிவித்தது. சாதாரண ஜனங்கள் கொள்கை எதுவும் இல்லாமலே அதை வெகு காலமாகச் செய்து வருகிறார்கள்.

இந்த ஓடும் வீட்டின் உட்புறத்துக்குச் செலவு செய்ய யாரும் தயங்குவதில்லை. வெல்வெட் சீட் கவர், ஜன்னலுக்கு ஜன்னல் திரை, தரைவிரிப்பு, கலர் விளக்கு, பெரிய ஸ்பீக்கர்... அழகு வேண்டியதுதான். ஆனால் வாங்கிப் போட்டதோடு வேலை முடிந்துவிட்டதா? அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

முதல் எதிரி ஈரம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. போதாததற்குக் கடற்காற்று வேறு. கடலில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு சீட்டில் உட்கார்ந்தால் தண்ணீர் மட்டுமா உள்ளே போகிறது? உப்பும் சேர்ந்தே போகிறது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது. அது காற்றில் உள்ள ஈரத்தை மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் சில வண்டிகளில் சீட் எப்போது தொட்டாலும் பிசுபிசு என்று இருக்கிறது. பிறகு பூஞ்சை, நாற்றம், துருப்பிடித்த திருகாணி எல்லாம் வரிசையாக வரும். சென்ட் பாட்டில் மாட்டினால் இது தீருமா? நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து காயவிடுவதுதான் ஒரே வழி. கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை வெல்வெட்டை விட எவ்வளவோ மேல். தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்துச் செய்யும் மெத்தையும் நல்லது. அதற்குள் காற்று புகுந்து வெளியே வரும், சீக்கிரம் உலரும். நாரும் ரப்பரும் இந்த மாவட்டத்தின் சொந்தச் சரக்குதானே!

இரண்டாவது எதிரி நெருப்பு. 2023 ஆகஸ்டில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்களின் தனிப்பெட்டி ஒன்று நாகர்கோவிலில் புனலூர் - மதுரை ரயிலுடன் இணைக்கப்பட்டது. மதுரையில் அதைக் கழற்றித் தனியாக நிறுத்தியிருந்தார்கள். 26-ஆம் தேதி விடியற்காலையில் அது தீப்பற்றியது. ஒன்பது பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சமையல் எரிவாயு சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே அறிவித்தது.

அது ரயில் பெட்டி, இது வேன். அவ்வளவுதான் வித்தியாசம். சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். அதற்குமேல் திரை, தரைவிரிப்பு, ஃபோம் மெத்தை என்று எரிவதற்கென்றே அடுக்கி வைத்ததுபோல் எல்லாம் தயாராக இருக்கிறது. சாதாரண ஃபோம் தீப்பிடித்தால் நிமிஷத்தில் பரவும். அதன் புகையிலேயே விஷம் உண்டு. முறையாகக் கட்டிய கேரவனில் சிலிண்டருக்கு உட்புறத்தோடு தொடர்பில்லாத தனி அறை இருக்கும். கசிவு கீழ்வழியாக வெளியேற அதில் துளையும் இருக்கும். வேனில் அது எங்கே இருக்கிறது? கடைசி சீட்டுக்கு அடியில்தான் சிலிண்டர்!

"வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவு பணமும் இல்லை, சமைக்காமல் என்ன செய்வது?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. மாலை போட்டவர்களும் வயதானவர்களும் ஹோட்டலையே நம்பிப் பத்து நாள் ஓட்ட முடியாது. சமைக்கட்டும். ஆனால் வண்டியை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில் சமைக்கட்டும். சிலிண்டரை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. டேஷ்போர்டில் ஊதுபத்தியைக் கொளுத்திவிட்டுப் படுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். சாமி கோபித்துக்கொள்ளாது.

பொறுப்பு முழுவதையும் பயணிகள் தலையிலும் டிரைவர் தலையிலும் கட்டிவிட முடியாது. பார்க்கிங் கட்டணம் வாங்குகிற ஊர் என்ன தருகிறது என்பதையும் கேட்க வேண்டும். வண்டிகள் நிற்கும் இடத்திலேயே ஒரு சமையல் கொட்டகை, நல்ல தண்ணீர்க் குழாய், துணி உலர்த்த நாலு கொடி. இவ்வளவும் இருந்தால் வண்டிக்குள் அடுப்பு ஏறாது, ஈரமும் ஏறாது. கேரவன் பூங்கா பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இதைக் கட்டலாம்.

சுத்தம் சோறு போடும் என்பார்கள். ஓடும் வீட்டில் அது உயிரையும் காக்கும். அடுத்த சீசனுக்குப் புதுத் திரை வாங்கப் போகிறவர்கள் அதற்கு முன்பு ஒரு தீயணைப்புக் கருவி வாங்கி, டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டட்டும். திரை பிறகு வாங்கிக்கொள்ளலாம்.