அறிக்கைகள் உயிர் காக்குமா?

ஆஸ்திரேலியக் கண்டத்தின் வடமேற்கே கிம்பர்லி என்னும் நிலப்பகுதி 4 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேலாகப் பரந்து கிடக்கின்றது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ நாற்பதாயிரவர். அவருள் பாதியளவினர் அம்மண்ணின் தொல்குடியினர். அங்கே 2012-க்கும் 2016-க்கும் இடையே நேர்ந்த பதின்மூன்று சிறார், இளைஞர் இறப்புகளை மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் தலைமை மரண விசாரணை அதிகாரி ராஸ் ஃபொக்லியானி ஆராய்ந்து, 2019 பிப்ரவரியில் அறிக்கை அளித்தார். இறந்தோருள் மிக இளையவருக்கு வயது 10. பத்து வயது என்பது வாய்பாடு ஒப்பிக்கும் வயது.

அவ்வறிக்கையில் 42 பரிந்துரைகள் இருந்தன. அதுவே முதல் அறிக்கையும் அன்று. 2008-இல் இதே நிலப்பகுதியில் 22 இறப்புகளை அலெஸ்டர் ஹோப் என்னும் அதிகாரி விசாரித்துப் பரிந்துரைகள் தந்திருந்தார். 2016-இல் மாநில நாடாளுமன்றக் குழுவொன்றும் தன் அறிக்கையை வைத்தது. அரசின் விரிவான மறுமொழி 2020-இல் வந்தது. தாள்களுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் வேறெங்கோ இருக்கின்றது.

அரசு வாளாவிருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. தொல்குடியினருக்கெனத் தனியொரு தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டம் 2013-இல் வகுக்கப்பட்டது. 2022-இல் '13 யார்ன்' என்னும் தொலைபேசி உதவி தொடங்கிற்று. இரவிலும் பகலிலும் அழைப்பை ஏற்றுப் பேசுவோர் தொல்குடியினரே. 'யார்ன்' என்றால் அவர் வழக்கில் அமர்ந்து மனம்விட்டு உரையாடல். நல்ல பெயர், நல்ல பணி. ஆயினும் ஒரு கை செய்வதை மறு கை கலைப்பதைக் காண்கின்றோம். 2014-இல் அதே மாநிலத்தின் பிரீமியர் காலின் பார்னெட், நூறு முதல் நூற்றைம்பது வரையிலான தொலைதூரக் குடியிருப்புகள் மூடப்படலாம் என அறிவித்தார். மறு ஆண்டு பிரதமர் டோனி அபட், அங்கு வாழ்வதை ஒரு வாழ்க்கைமுறைத் தேர்வு எனக் குறிப்பிட்டார். பாட்டன் புதைந்த மண்ணில் இருப்பதைத் தேர்வு என்பார் உண்டோ? உன் ஊரே வேண்டாத ஊர் என்று கேட்டு வளரும் சிறுவனிடம், உன் உயிர் எமக்கு அரிது என்று ஓர் அலுவலர் வந்து சொன்னால் அவன் எதை நம்புவான்?

இதன் வேர் பழையது. தொல்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த கொள்கை 1970-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை நடைமுறையில் இருந்தது. 1997-இல் அதுபற்றிய விசாரணை அறிக்கை வந்தது. 2008 பிப்ரவரி 13-இல் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கோரினார். பிரிக்கப்பட்ட தாயின் நோவு பேரனையும் தொடர்கின்றது.

பயன் விளைந்த இடங்களை நோக்குவோம். கிம்பர்லியில் நியிகினா, மங்காலா, கரஜாரி, வல்மஜாரி குடிகளின் மூத்தோர் 2000-ஐ ஒட்டி 'யிரிமான்' என்னும் முயற்சியைத் தொடங்கினர். இடர்ப்படும் இளைஞரைக் கூட்டிக்கொண்டு தம் நிலத்தில் நாட்கணக்காக நடப்பர். நீர்நிலையின் கதை, வேட்டை, மொழி, உறவுமுறை யாவும் நடையிலேயே கற்பிக்கப்படும். ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்னும் சிற்றூரில், மதுவால் வந்த சாவுகளைப் பொறாத பெண்கள், ஜூன் ஆஸ்கார், எமிலி கார்ட்டர் முதலியோர் முன்னின்று, 2007-இல் கடுமதுவை வாங்கி எடுத்துச் செல்வதற்குக் கட்டுப்பாடு பெற்றனர். எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டுமன்றி ஊருக்குள்ளிருந்தும் வந்தது, அவர்கள் தளரவில்லை. பின்னர் அங்கு அடிதடியும் காயங்களும் குறைந்தன.

கனடாவில் சாண்ட்லர், லலோண்ட் என்னும் ஆய்வாளர் இருவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே கருதத்தக்கது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஏறத்தாழ இருநூறு தொல்குடிச் சமூகங்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றில், ஆய்வுக் காலத்தில் இளைஞர் தற்கொலையே இல்லை. நில உரிமை, பள்ளி, மருத்துவம், தன்னாட்சி ஆகியன எங்கெங்கே அச்சமூகத்தாரின் கையில் இருந்தனவோ, அங்கங்கே இளைஞர் தற்கொலை குறைவாக இருந்தது. தொல்குடியாய்ப் பிறத்தல் நோயன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மூத்தோரே மருத்துவரும் ஆவர் என்பது நம் கருத்தன்று. மனநல மருத்துவரும், நெரிசலற்ற வீடும், நல்ல பள்ளியும் அரசு தந்தே ஆகவேண்டியவை. எங்கே, எவரைக் கொண்டு, எந்த மொழியில் என்பதை அவ்வூரார் முடிவு செய்யட்டும். யிரிமான் நடைக்கு வேண்டுவன வண்டியும் எரிபொருளும் உணவும். அத்தொகைக்காக மூத்தோரைத் திரும்பத் திரும்ப விண்ணப்பம் எழுத வைக்காமல், பத்தாண்டுக்கு ஒருசேர ஒதுக்கி அவர்கள் கையிலேயே ஒப்படைப்பது, அடுத்த விசாரணைக்கு ஆகும் செலவைவிடப் பெரிதாக இராது.